கண்ணாடியிற் படியும் கல்: கொடிகாமத்துக் குளியலறைகளில் சுண்ணப் படிவும் அதனை நீக்கும் உழைப்பும்

1. முன்னுரை

பண்பாட்டு ஆய்வு என்றதும் ஏட்டுச்சுவடிகளும் கோயிற் சிற்பங்களும் நாட்டார் பாடல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு சமுதாயம் அன்றாடம் கையாளும் பொருள்களும், அவற்றைப் பேணுவதற்குச் செலவாகும் உழைப்பும் ஆய்வுக்குரியனவாகப் பெரும்பாலும் கொள்ளப்படுவதில்லை. உழைப்பு பொருளை உண்டாக்குவதோடு முடிந்துவிடுகிறது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். ஆக்கப்பட்ட பொருள் நாளும் அழுக்கடைகிறது; நாளும் துடைக்கப்படுகிறது. துடைப்பவரின் உழைப்பு நடைபெறும்போது எவர் கண்ணிலும் படுவதில்லை. அது நடைபெறாதபோதுதான் எல்லோருடைய கண்ணிலும் படுகிறது.

குளியலறையின் கண்ணாடித் தடுப்பிற் படியும் வெண்கறை இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. அக்கறை எவ்வாறு உண்டாகிறது, அதனை எவ்வாறு நீக்கலாம், எவ்வாறு வராமற் காக்கலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். நீக்குதல், தடுத்தல் ஆகிய இரண்டனுள் எதனைத் தெரிகிறோம் என்பதிற் பொதிந்துள்ள சமுதாய உறவு யாது என்பதும் ஈண்டு நோக்கப்படும்.

தென்மராட்சியில், கொடிகாமத்திலே நண்பரொருவரின் குடும்ப வீட்டிற் சில நாள் தங்கியிருந்தபோது இவ்விடயம் நம் கவனத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டுப் போரிலே தென்மராட்சி பேரழிவுக்குள்ளாயிற்று. இடம்பெயர்ந்த மக்கள் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் மீளக் குடியேறத் தொடங்கினர். அக்காலந்தொட்டு எழுந்த புதிய வீடுகள் பலவற்றைப் போல இவ்வீடும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் பணத்தாற் கட்டப்பட்டது. அறையோடிணைந்த குளியலறையில் ஷவரும் அதனைச் சுற்றி உயரமான கண்ணாடித் தடுப்பும் இருந்தன. கண்ணாடியோ பாலாடை படர்ந்ததுபோல மங்கிக் கிடந்தது. கிழமைக்கொருமுறை வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஒருவர், மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, மலசலகூடம் கழுவும் திரவத்தை அக்கண்ணாடியில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். இருமலுக்கிடையே அவர் நம்மிடம் கூறியது: "தம்பி, குளிக்கிறது பத்து நிமிசம். அதின்ர அடையாளத்தைத் தேய்க்கிறது எனக்கு அரை நாள்."

இக்கட்டுரை அவ்வாக்கியத்தின் விரிவுரையேயாகும்.

2. கல் நீராதலும் நீர் கல்லாதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் என்பது யாவரும் அறிந்தது. கொடிகாமத்துத் தென்னந்தோட்டங்களில் நடப்பவர் காண்பது வெண்மணலையே. எனினும் மணலுக்கடியில் இருப்பது அக்கல்லே. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை நிலத்துட் புகுந்து, கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தங்கி, கிணறுகளில் நமக்குக் கிடைக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இக்கல்லின் குழிவுத் தன்மைக்குப் புகழ்பெற்ற சான்றுகள்.

மழைநீரிற் சுண்ணம் இல்லை. ஆயின், மண்ணினூடு கீழிறங்கும்போது அது காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்று மென்மையானதோர் அமிலமாகின்றது. அவ்வமிலம் கல்சியம் காபனேற்றாகிய சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்தது கல்சியம் இருகாபனேற்றாக நீரிலே நிற்கிறது. கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் கிணற்று நீர் உண்மையிற் கல்லைச் சுமந்துவரும் நீராகும். இதனையே வன்னீர் என்கிறோம். வன்னீரிற் சவுக்காரம் எளிதில் நுரைப்பதில்லை என்பது நம் வீடுகளில் எவரும் பாடநூலின்றியே அறிந்த உண்மை.

இம்மாற்றம் மீளத்தக்கது. நீர் சூடேறினும் ஆவியாகினும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. இருகாபனேற்று மீண்டும் காபனேற்றாகிறது. காபனேற்று நீரிற் கரைந்து நிற்கமாட்டாமையாற் படிகிறது. கேத்தலின் அடியிற் காணும் வெண்படையும் சுண்ணாம்புக் குகைகளிற் கூரையிலிருந்து தொங்கும் கற்கூம்புகளும் இவ்வொரே நிகழ்ச்சியின் இரு வடிவங்கள். குகையிற் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்வது குளியலறைக் கண்ணாடியில் ஒவ்வொரு காலையும் நிகழ்கிறது.

சிறு மாற்றங்களின் திரட்சி ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாகும் என்பதற்கு இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். குடிநீருக்கான இலங்கைத் தரம் (எஸ்.எல்.எஸ். 614, 2013) மொத்த வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என எல்லை வகுத்துள்ளது. ஒரு கிணற்று நீரின் வன்மை 300 மில்லிகிராம் என்றும், அது முழுவதும் காபனேற்றாகவே படிவதென்றும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் குளித்து முடித்ததும் கண்ணாடியில் 50 மில்லிலீற்றர் நீர் துளிகளாக எஞ்சுமாயின், அது உலர்ந்ததும் 15 மில்லிகிராம் சுண்ணம் எஞ்சும். இது கண்ணுக்குத் தெரியாது. ஆயின், நால்வர் நாள்தோறும் குளிக்கும் வீட்டில் ஓராண்டில் அது ஏறத்தாழ 22 கிராம் ஆகிவிடும். ஒரு துளியிற் காணப்படாத கல் ஓராண்டிற் கண்ணாடியை மறைத்துவிடுகிறது.

3. கறையின் வகைகள்

எல்லா வெண்கறையும் சுண்ணமன்று. கறையின் இயல்பை அறியாது மருந்திடுதல் வீண் உழைப்பாக முடியும். நால்வகைக் கறைகளை நாம் வேறுபடுத்திக் காணவேண்டும்.

முதலாவது, உப்பு. தென்மராட்சியின் இருபுறமும் கடல்நீரேரிகள் உள்ளன. கடலுக்கும் நீரேரிக்கும் அண்மையிலுள்ள கிணறுகளில், அதிலும் நீரிறைக்கும் இயந்திரத்தால் அளவுமீறி இறைக்கப்படும் கிணறுகளில், நன்னீருக்குக் கீழுள்ள உவர்நீர் மேலேறுகிறது. இந்நீர் விட்டுச்செல்லும் உப்புக்கறையை வெறும் நீரே கரைத்துவிடும்.

இரண்டாவது, சவுக்காரப் பிசுக்கு. வன்னீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவுக்காரத்தின் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து நீரிற் கரையாத பசையாகின்றன. கைக்கு வழுவழுப்பாகத் தோன்றும் இக்கறை அமிலத்துக்கு எளிதில் இடங்கொடாது; பாத்திரம் கழுவும் திரவத்தையும் இளஞ்சூட்டு நீரையும் வேண்டி நிற்கும்.

மூன்றாவது, சுண்ணப் படிவு. கைக்குச் சொரசொரப்பாக இருக்கும். தேசிக்காய்ச் சாறு ஒரு துளி பட்டதும் மெல்லக் குமிழியிட்டுக் கரைவது இதன் அடையாளம்.

நான்காவது, கண்ணாடியே அரிக்கப்படுதல். சாதாரணக் கண்ணாடி சிலிக்கா மணலும் சோடாவும் சுண்ணமும் சேர்த்து உருக்கப்பட்டது. அதன் உடலில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு சுண்ணமே. காரத்தன்மையுள்ள நீர் மீண்டும் மீண்டும் தேங்கி உலருமாயின் கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் வெளியேறி, நுண்குழிகள் தோன்றும். இது கண்ணாடிமேல் அமைந்த கறையன்று. கண்ணாடிக்கு நேர்ந்த காயம். அமிலம் இதனை மாற்றாது. மெருகிடுவதனால் மட்டுமே ஓரளவு குறைக்கலாம். ஆகவே, தடுத்தற்குரிய காலம் ஒன்றுண்டு. அது கடந்தபின் நீக்கும் உழைப்புக்கும் பயனில்லை.

4. நீக்கும் முறை

சுண்ணத்தை நீக்குவது அமிலம். கல்லை நீராக்கிய அதே வினையை நாம் விரைவுபடுத்துகிறோம் என்று கூறலாம். எவ்வமிலம் என்பதே வினா.

நம் முன்னோர் பித்தளைச் செம்பையும் குடத்தையும் பழப்புளியிட்டுத் துலக்கினர். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலமும் தேசிக்காயிலுள்ள சித்திரிக்கமிலமும் இப்பணிக்கு உதவுவனவே. கடையில் விற்கும் தென்னங்கள்ளு வினாகிரியில் நூற்றுக்கு 4 பங்களவில் அசற்றிக்கமிலம் உண்டு. மேலே கணக்கிட்ட 22 கிராம் சுண்ணத்தை முற்றாகக் கரைப்பதற்குக் கோட்பாட்டளவில் அத்தகைய வினாகிரி லீற்றரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும். ஒரு கரண்டி வினாகிரியைத் தெளித்துவிட்டு ஓராண்டுக் கறை போகவில்லையே என்று ஏமாறுவோர் இக்கணக்கை மனங்கொள்ளுதல் நன்று. பழைய படிவுக்குச் சித்திரிக்கமிலத் தூளே மலிவானது. ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 50 கிராம் அளவிற் கரைத்துப் பயன்படுத்தலாம்.

செய்முறை வருமாறு. முதலிற் பாத்திரம் கழுவும் திரவத்தாற் பிசுக்கைப் போக்கி நீரூற்ற வேண்டும். பிசுக்கு மூடியிருக்கும்வரை அமிலம் சுண்ணத்தைத் தீண்டாது. இங்கே சவுக்காரத்தைப் பயன்படுத்தின் புதிய பிசுக்கே உண்டாகும். அடுத்து, நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் ஊற்றிய அமிலம் உடனே வழிந்துவிடுமாதலால், பழைய பருத்தித் துணியை அமிலத்தில் நனைத்துக் கண்ணாடியோடு ஒட்டவைத்து 15 முதல் 20 நிமிடம் விடவேண்டும். தேய்ப்பு வேலையின் பெரும்பகுதியைக் காலமே செய்துவிடுகிறது. பின்னர் மென்துணியால் துடைத்து, நிறைந்த நீரூற்றிக் கழுவி, எஞ்சிய இடங்களில் மீளவும் செய்யலாம். இறுதியாக உலர்ந்த துணியால், பழைய சாரத்துண்டு போதும், ஈரத்தை முற்றாக எடுத்துவிட வேண்டும். அவ்வாறு செய்யாதுவிடின் கழுவிய நீரே அடுத்த கறையின் முதற்படையாகும்.

சாம்பல், மணல், இரும்புநார் ஆகியவற்றாற் கண்ணாடியைத் தேய்த்தலாகாது. அவை உண்டாக்கும் கீறல்களிற் சுண்ணம் முன்னிலும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். சீமெந்து இணைப்புகளும் பளிங்குத் தரையும் சுண்ணம் கலந்தவையாதலால் அமிலம் அவற்றையும் அரிக்கும். முன்கூட்டியே அவற்றை நீரால் நனைத்து, சிந்திய அமிலத்தை உடனுக்குடன் கழுவுதல் வேண்டும்.

இனி, நாம் கொடிகாமத்திற் கண்ட முறையை நோக்குவோம். மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் உள்ளது ஐதரோகுளோரிக்கமிலம். அது சுண்ணத்தை நொடியிற் கரைக்கும் என்பது மெய்யே. ஆனால், அதன் ஆவி சிறிய குளியலறையில் மூச்சுக்குழாயைத் தாக்கும். குழாய்களின் குரோமியப் பூச்சையும் கெடுக்கும். இதனினும் கொடியது, இன்னும் வெண்மையாகட்டும் என எண்ணி வெளிற்றும் திரவத்தை அதனோடு கலத்தல். அக்கலவையிலிருந்து குளோரீன் வாயு வெளிவரும். 1915 ஏப்பிரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர்ப் போர்முனையில் ஜேர்மன் படையினர் எதிரிகள்மீது ஏவியது இதே வாயுவைத்தான். வினாகிரியோடும் வெளிற்றும் திரவத்தைக் கலத்தலாகாது. போத்தல்களின் புறத்தே ஆங்கிலத்திற் பொடியெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எச்சரிக்கையை, அத்திரவத்தை உண்மையிற் கையாளும் பெண் வாசிக்கக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று எவரும் கேட்பதில்லை. அறிவு ஒருவரிடமும் ஆபத்து இன்னொருவரிடமுமாகப் பங்கிடப்பட்டிருத்தல் வர்க்க சமுதாயத்தின் பொதுவிதி. அது குளியலறைக்குள்ளும் தொழிற்படுகிறது.

5. தடுக்கும் முறை

தடுத்தல் பற்றிய விதி ஒன்றே: கண்ணாடியில் நீரை உலரவிடாதிருத்தல். கறையை உண்டாக்குவது நீர் வந்துபோதல் அன்று. நீர் தங்கி ஆவியாதலே. குளித்து முடித்ததும் இறப்பர் விளிம்புடைய துடைப்பானால் மேலிருந்து கீழாக நாலைந்து முறை இழுத்துவிட்டால் நீரோடு அதிற் கரைந்துள்ள கல்லும் வடிகாலுக்குப் போய்விடும். இதற்கு ஒரு நிமிடம் போதும். மழைநீரைத் தாங்கியிற் சேமிக்கும் வீடுகளில் இறுதியாக ஒரு வாளி மழைநீரை ஊற்றிவிடின் இன்னும் நல்லது. சவுக்காரக் கட்டியைத் தவிர்த்துச் சவுக்காரமல்லாத கழுவு திரவத்தைக் கையாள்வது பிசுக்கைக் குறைக்கும். கண்ணாடிக்கு இடப்படும் சிலிக்கோன் பூச்சுகள் நீரை ஒட்டவிடாது உருட்டிவிடுவன. அவை துடைக்கும் வேலையை எளிதாக்குமேயன்றி இல்லாமற் செய்யா. நாளடைவில் தேய்ந்தும் போகும்.

நீரையே மென்னீராக்கினால் என்ன என்று வினவலாம். வன்னீருக்குச் சுண்ணாம்பைச் சேர்த்தே சுண்ணத்தை வெளியேற்றும் முறைக்கு அபெர்டீனைச் சேர்ந்த தோமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை பெற்றார். பெருநகர நீர் வழங்கலுக்கு ஏற்ற முறை அது. இன்று வீடுகளுக்கென விற்கப்படும் மென்னீராக்கிகள் வேறுவகையின. அவை கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. பின்னர்க் கறியுப்புக் கரைசலாற் கழுவப்பட்டு மீளத் தொழிற்படுகின்றன. அக்கழிவுநீர் எங்கே போகிறது என்பதே நம் சூழலில் எழவேண்டிய கேள்வி. குடாநாட்டின் வெடிப்புண்ட கல் தன்மேல் ஊற்றப்படுவதைத் தடுத்து வைத்திருப்பதில்லை. வளவுக்குள் விடப்படும் உப்புக்கழிவு நிலத்தடி நீரைச் சேரும். ஒரு வீட்டுக் கண்ணாடியின் தெளிவு அயல்வீட்டுக் கிணற்றின் உவராக மாறக்கூடும். தனியுடைமை வளவின் எல்லையோடு நின்றுவிடுகிறது. நிலத்தடி நீர் எந்த வேலியையும் அறியாது.

ஆகவே நீரின் தரம் தனிவீட்டின் பிரச்சினையன்று, பொதுப் பிரச்சினை. வடமராட்சி கிழக்குத் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரவல்ல கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட் மாதத்திற் திறந்துவைக்கப்பட்டது. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் முன்னைய திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தித்தமை அதன் பின்னணி. நீர் யாருக்குரியது என்னும் வினா குளியலறைக்கு வெளியே எத்துணை கூர்மையுடையது என்பதை இது புலப்படுத்தும்.

6. கிணற்றடியிலிருந்து கண்ணாடிக்கு

ஒரு தலைமுறைக்கு முன்பு கொடிகாமத்தில் இக்கறை இருக்கவில்லை. நீர் மாறியதா? இல்லை, குளிக்கும் இடமே மாறியது. துலாவால் அள்ளிய நீரைக் கிணற்றடியில் வார்த்துக் குளித்தபோது அந்நீர் வாய்க்கால்வழி வாழைக்கும் தென்னைக்கும் சென்றது. அதிலிருந்த சுண்ணம் வந்த மண்ணுக்கே திரும்பியது. பெண்கள் குளிக்கும் மறைப்புக் கிடுகால் வேயப்பட்டது. கிடுகிற் சுண்ணம் படிந்ததை எவரும் கவனித்ததில்லை. உக்கியதும் அது மாற்றிக் கட்டப்பட்டது.

இதனைக் கொண்டு பழைய கிணற்றடியைப் பொற்காலமாகக் கற்பனை செய்தல் வரலாற்றுக்கு முரணானது. துலா மிதித்தவர் யார், எவருக்கு எவர் அள்ளி ஊற்றினர், எவர் கிணற்றை நெருங்கவே முடியாதிருந்தனர் என்பவற்றை மறந்து கிணற்றடியைப் பாடுவோர் நம்மிடையே உளர். சாதியின் பெயரால் நீர் மறுக்கப்பட்டோரின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட கே. டானியலின் 'தண்ணீர்' நாவல் அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1987இல் வெளிவந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. குழாயும் தாங்கியும் குளியலறையும் முன்னேற்றங்களே என்பதில் ஐயமில்லை. ஆயின், புதிய பொருள் வரும்போது அதனைப் பேணும் உழைப்பும் உடன் வருகிறது. பொருளைத் தெரிந்தெடுப்பவர் ஒருவர். அவ்வுழைப்பை ஏற்பவர் இன்னொருவர். காங்கேசன்துறையில் 1950இல் நிறுவப்பட்டு 1990இல் இயக்கம் நின்ற சீமெந்துத் தொழிற்சாலை இக்கல்லைச் சீமெந்தாக்கியபோது ஆயிரக்கணக்கானோர் கூலி பெற்றனர். அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது. அதே கல் கண்ணாடியிற் படியும்போது அதனைச் சுரண்டுபவருக்குச் சங்கமும் இல்லை, வேலை நேரமும் இல்லை. வீட்டுப் பெண்ணாயின் கூலியும் இல்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகும். தடுத்தலுக்குத் தேவையானது ஒரு நிமிடம். அதனைச் செய்யக்கூடியவர் குளித்தவர் மட்டுமே, ஏனெனில் நீர் உலருமுன் அங்கே நிற்பவர் அவரே. நீக்குதலுக்குத் தேவையானது அரை நாளும் அமிலமும். அதனைச் செய்பவர் பெரும்பாலும் குளித்தவரல்லர். ஆகவே, துடைக்காது வெளியேறும் ஒவ்வொருவரும் தம் ஒரு நிமிடத்தைச் சேமிக்கவில்லை. அதனைப் பன்மடங்காக்கி இன்னொருவர்மீது சுமத்துகின்றனர். கண்ணாடியிற் படிந்திருப்பது கல்சியம் காபனேற்று மட்டுமன்று, இவ்வேலைப் பிரிவினையும் ஆகும்.

கொடிகாமத்து வீட்டில் நாம் தங்கிய நாள்களில் நாமும் குளித்தோம், நாமும் துடைக்கவில்லை. அரசியற் பொருளாதாரத்தைக் கற்பிக்கும் நமக்கு அவ்வம்மாவின் வாக்கியம் வரும்வரை அது தோன்றவுமில்லை. இதனைச் சுயவிமர்சனமாகப் பதிவுசெய்தல் முறையாகும்.

இறுதியாக ஒரு நடைமுறை யோசனை. அவ்வீட்டில் இறப்பர்த் துடைப்பான் இல்லாமலில்லை; குசினிக்குப் பின்னால், விளக்குமாறும் வாளியும் வைக்கும் மூலையில், வேலைக்கு வருபவரின் கருவிகளோடு அது சாத்தப்பட்டிருந்தது. அதன் இடம் அதுவன்று. குளியலறையினுள்ளே, ஷவருக்கு அருகில், குளிப்பவரின் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் அது தொங்கவேண்டும்.